இரண்டாவது டிஸ்க் தரும் அவகாசம்

சர்வர் அறையிலேயே தலை நரைத்தவன் நான். இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என் தலைமுறையைவிட நன்றாகப் படித்தவர்கள். கட்டளைகளெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். ஆனாலும் ஓர் இடத்தில் அவர்கள் அவசரப்படுவதைப் பார்க்கிறேன். மிரர் போட்ட சர்வர் ரீபூட் ஆகி எழுகிறது. ஒரு டிஸ்க்கைக் காணோம், 'டீக்ரேடட்' என்கிறது. உடனே அந்த டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆகிற நாளில், ஓர் அலுவலகத்தின் பல மாத உழைப்பு கண்ணெதிரே அழியும். அந்த நாள் யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சர்வர் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். இதில் இருக்கும் பாடம் டிஸ்க்கோடு நின்றுவிடுவதில்லை.

மிரர் என்பது எளிய ஏற்பாடு. இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறைக்கு ரெய்டு என்ற பெயரை உலகறியச் செய்தது. அதற்கு முன்பே புழக்கத்திலிருந்த மிரர் முறைக்கு அவர்கள் கொடுத்த இடம் 'லெவல் 1'. தனி ரெய்டு கார்டு வாங்க வசதியில்லாத சிறிய அலுவலகங்களுக்கு அந்த வேலையை லினக்ஸ் கெர்னலே செய்து கொடுத்தது. அதை நிர்வகிக்க, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுன் 2001-ல் எழுதிய எம்டிஆடம் என்ற கருவி இன்றுவரை உழைக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பெருமையும் ஆபத்தும் ஒன்றுதான். ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. நிற்காததால் போனதே யாருக்கும் தெரியாது. பில் போடுகிறவர் பில் போட்டுக்கொண்டிருப்பார். கணக்கு எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருப்பார். கெர்னல் மட்டும் தன் கடமையாக ஒரு குறிப்பு வைத்திருக்கும். எம்டிஸ்டாட் என்ற கோப்பைத் திறந்தால், மிரர் நலமாக இருக்கும்போது 'யூயூ' என்று இரண்டு எழுத்துகள் தெரியும். ஒன்று விழுந்துவிட்டால் ஒரு 'யூ', பக்கத்தில் ஓர் அடிக்கோடு. ஓர் எழுத்துக்கும் ஒரு கோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதைப் போய்ப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் மிரர் போட்டிருப்பதும் போடாததும் ஒன்றே.

இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கற்றது இதுதான்: இரண்டாவது டிஸ்க் நமக்குத் தருவது அவகாசம். முதலாவது விழுந்தபின், அதைக் கவனித்துச் சரிசெய்யக் கிடைக்கும் கால இடைவெளி. அதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறவர், கையில் இருக்கும் அவகாசம் கரைவதை அறியாமலே தூங்குகிறார்.

எப்போது போனது?

கணக்கு அலுவலகம் ஒன்றின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒரு நாள் காலையில் போன் செய்தார். ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் இறங்கி, கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்திருக்கிறது.

"சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ரீபூட்ல ஒரு டிஸ்க் கழண்டுக்கிச்சு. ஆட் பண்ணிடட்டுமா?"

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு யாரு சொன்னா தம்பி?"

"சர்வர் ஓடிக்கிட்டுதானே சார் இருந்துச்சு?"

"ஓடுறது வேற, நல்லா இருக்கிறது வேற. ரெண்டு டிஸ்க்குக்கும் எக்ஸாமின் போட்டு, அப்டேட் டைம் என்னன்னு படிங்க. அப்புறம் பேசுவோம்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. விடுபட்ட டிஸ்க்கில் பதிவாகியிருந்த கடைசி நேரம் முந்தைய மழைக்காலத்தைச் சேர்ந்தது. அந்த அலுவலகம் பல மாதங்களாக ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருக்கிறது. ரீபூட்டின் மேல் பழி போட ஒன்றுமில்லை. அது செய்ததெல்லாம் ஒருவரை எம்டிஸ்டாட்டைத் திறந்து பார்க்க வைத்ததுதான்.

மிரரில் இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிய குறிப்பை சூப்பர்பிளாக் என்ற சிறிய இடத்தில் வைத்திருக்கும். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் யூயூஐடி, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம், 'ஈவென்ட்ஸ்' என்ற எண் ஆகியவை அதில் இருக்கும். மிரரின் நிலை மாறும்போதெல்லாம் அந்த எண் கூடும். சேர்ந்து இருக்கும் வரை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே எண். ஒன்று விலகிவிட்டால் அதன் எண் அந்த நாளோடு நின்றுவிடும். மற்றது ஏறிக்கொண்டே போகும். அடுத்த ரீபூட்டில் கெர்னல் இரண்டையும் ஒப்பிட்டு, பின்தங்கியதை 'நான்-ஃபிரெஷ்' என்று சொல்லி வெளியே தள்ளும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் அந்த வரியைப் பார்த்தால், டிஸ்க் இன்றைக்குக் கெட்டுப்போனதாக முடிவு கட்டாதீர்கள். அது முன்பே விலகியிருக்கிறது.

'திடீரென்று' என்று நாம் சொல்லும் பல முறிவுகள் இப்படித்தான். கூட்டு வியாபாரம் திடீரென்று உடைவதில்லை, உறவும் அப்படித்தான். முறிந்த தேதி எங்கேயோ முன்னால் எழுதப்பட்டிருக்கும். வெளியே தெரியவந்த நாளைத் தொடக்கநாள் என்று எடுத்துக்கொண்டால், காரணத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

யார் புதியவர்?

'ஆட்' என்ற கட்டளை ஒரே திசையில் வேலை செய்யும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இருப்பதைச் சேர்க்கப்படும் டிஸ்க்கின் மேல் எழுதும். எதில் நல்ல தரவு இருக்கிறது என்று அது ஆராயாது. ஓடுவது புதியதாக இருந்தால் கவலையில்லை. ஓடுவது பழையதாக இருந்தால்?

அப்படியும் நடக்கும். முதல் டிஸ்க் மழைக்காலத்தில் விலகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சூப்பர்பிளாக்கில், 'நாங்கள் இருவரும் நலம்' என்ற பழைய குறிப்பே இருக்கும். தான் விலக்கப்பட்டது அதற்கே தெரியாது. சர்வர் இரண்டாவது டிஸ்க்கில் பல மாதம் ஓடுகிறது. ஒரு நாள் ரீபூட் ஆகும்போது அந்த இரண்டாவது டிஸ்க், கேபிள் தளர்ந்ததால், கண்ணில் படவில்லை. முதல் டிஸ்க் மட்டும் எழுந்து நிற்கிறது. சிஸ்டம்டி உள்ள பல லினக்ஸ் பதிப்புகளில் இதற்கென்றே ஒரு டைமர் உண்டு. காணாத டிஸ்க்குக்காக 30 வினாடி காத்திருந்து, வராவிட்டால் இருப்பதை வைத்து மிரரைத் தொடங்கிவிடும். காலையில் ஊழியர்கள் திறந்து பார்த்தால் பல மாதத்துக் கோப்புகளைக் காணோம். கேபிளை அழுத்திவிட்டதும் இரண்டாவது டிஸ்க் தெரிகிறது. 'அப்பாடா' என்று ஆட் போட்டால், அதிலிருந்த புதிய கணக்கின் மேல் பழைய கணக்கு எழுதப்படும். அதை மீட்கக் கட்டளை கிடையாது.

எம்டிஆடம் தன் பங்குக்கு எச்சரிக்கையாகவே எழுதப்பட்டிருக்கிறது. முன்பு கடைசியாக ஓடியபோது இருந்த டிஸ்க் இப்போது இல்லையென்றால், 'ரன்' என்று வெளிப்படையாகச் சொன்னாலொழிய பெரும்பாலும் அது மிரரைத் தொடங்காது. ராத்திரியில் யாருமில்லாத நேரத்தில் சர்வர் படுத்துக் கிடக்கக் கூடாதே என்பதற்காகத்தான் மேலே சொன்ன 30 வினாடி ஏற்பாடு. உபுண்டு சர்வரின் பழைய பதிப்புகள் நிறுவும்போதே, 'ரெய்டு டீக்ரேடட் ஆனால் பூட் செய்யலாமா?' என்று நம்மிடம் கேட்கும். நின்றுபோய்க் கூச்சல் போடும் இயந்திரம் வேண்டுமா, சத்தமில்லாமல் ஓடும் இயந்திரம் வேண்டுமா என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்பொருள். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அப்படித் தேர்ந்தெடுத்தவர் கண்காணிக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார்.

இன்னொரு தடுப்பும் உண்டு. மிரரின் உறுப்பினராகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் டிஸ்க்கை ஆட் செய்யப் போனால், சில நேரம் எம்டிஆடம் மறுக்கும். 'இது தன்னைச் செயலில் உள்ள உறுப்பினர் என்கிறது. ரீ-ஆட் செய்ய முடியவில்லை. ஆட் செய்தால் இதை ஸ்பேராக மாற்றிவிடுவேன், அதனால் செய்யவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். வேண்டுமானால் சூப்பர்பிளாக்கை அழித்துவிட்டு வா என்றும் அதுவே வழி சொல்லும். அவசரக்காரர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் படித்து, உடனே அழித்துவிடுகிறார்கள். கருவி ஒன்று 'செய்யமாட்டேன்' என்று நின்றால், அதை மீறும் வழியைத் தேடும் முன் அது ஏன் நின்றது என்று முழுச் செய்தியையும் படியுங்கள். மறுத்துப் பேசும் மனிதருக்கும் இந்த மரியாதையைக் கொடுக்கலாம்.

எது புதியது என்ற சந்தேகம் தீராவிட்டால், முதலில் எல்லாச் சேவைகளையும் நிறுத்துங்கள். ஓடும் மிரரில் புதிதாக எதுவும் எழுதப்படக்கூடாது. விலகிய டிஸ்க்கை மட்டும் வேறொரு மிரர் பெயரில், ரீட்-ஒன்லியாகத் தொடங்கி, கோப்புகளின் தேதிகளைப் பாருங்கள். இரண்டிலும் இருப்பதை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அதன் பிறகுதான் சேர்க்கும் பேச்சு. நகல் எடுக்க நேரமில்லை என்று சொல்கிறவருக்குத் தரவை இழந்தபின் நேரம் நிறையக் கிடைக்கும்.

ஏன் போனது?

சேர்த்தாயிற்று, 'யூயூ' வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. காரணம் தெரியாமல் சேர்த்த டிஸ்க் அதே காரணத்தால் மறுபடியும் விலகும்.

டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால் முதலில் கேபிள், பவர் கனெக்டர், போர்ட் இவற்றைப் பாருங்கள். தெரிகிறது என்றால், டிஸ்க் தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் படியுங்கள். 199-ஆம் எண்ணில் வரும் சிஆர்சி பிழைகள் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் கேபிள் மேல். 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் ஏறினால் டிஸ்க்கின் பரப்பே கெட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பச் சேர்ப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். மலிவான டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு இன்னொரு குணம் உண்டு. கெட்ட செக்டர் ஒன்றைப் படிக்க ஒரு நிமிடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டும். கெர்னலோ வழக்கமாக 30 வினாடிதான் பொறுக்கும். பதில் வராததால் டிஸ்க் செத்துவிட்டதாக எண்ணி வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கென்று விற்கப்படும் டிஸ்க்குகள் 7 வினாடி போல முயன்றுவிட்டு, 'படிக்க முடியவில்லை' என்று ஒப்புக்கொள்ளும். உடனே மிரர் அந்தத் தரவை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். முடியாததை முடியாது என்று சீக்கிரம் சொல்கிறவரால் கூட்டம் பிழைக்கிறது. சொல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பவர் கூட்டத்திலிருந்தே விலக்கப்படுகிறார்.

ஒவ்வொரு ரீபூட்டிலும் தவறாமல் டீக்ரேடட் ஆகிறது, டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை என்றால், பார்க்க வேண்டியது இனிட்ராம்எஃப்எஸ். சர்வர் எழும்போது முதலில் விழிப்பது இந்தச் சிறிய உலகம். எம்டிஆடம் கான்ஃப் கோப்பின் நகல் ஒன்று அதற்குள் தனியாக இருக்கும். வெளியே இருக்கும் கோப்பை நாம் திருத்தினாலும் உள்ளே இருப்பது பழையதாகவே இருக்கும். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட்ஹாட் குடும்பத்தில் டிராகுட் என்ற கட்டளையை ஓட்டினால்தான் நகல் புதுப்பிக்கப்படும். மிரருக்கு எம்டி0 என்று நாம் வைத்த பெயர் காலையில் எம்டி127 என்று மாறியிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுவே. இரண்டாவது டிஸ்க் வேறு கண்ட்ரோலரில் இருந்து, அதன் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இல்லாவிட்டாலும் இதே கதைதான்: முதல் டிஸ்க்கை வைத்து மிரர் தொடங்கியபின் இரண்டாவது வந்து சேரும். பழைய இயந்திரங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'எஃப்டி' வகைப் பார்ட்டிஷன்களைக் கெர்னல் தானாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பது 0.90 என்ற பழைய சூப்பர்பிளாக் வடிவத்துக்கு மட்டும்தான். இப்போது வழக்கமான 1.2 வடிவத்துக்கு அது கிடையாது.

டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே வேண்டாம். ரீபூட்டுக்கு ரீபூட் அவை இடம் மாறும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, வெளியே தெரியும்படி ஒட்டிவையுங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டுக் கெட்டதை உள்ளே விட்டு வைத்தவர்கள் உண்டு.

திரும்பி வருகிறவர்

மிரரில் பிட்மேப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு டிஸ்க் இல்லாத காலத்தில் எந்தெந்தப் பகுதிகள் மாறின என்று மற்ற டிஸ்க் குறித்துக்கொண்டே வரும். விலகியது ரீ-ஆட் மூலம் திரும்பும்போது அந்தப் பகுதிகளை மட்டும் நகலெடுத்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 100 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் மிரர் உருவாக்கினால், எம்டிஆடமின் பல பதிப்புகள் பிட்மேப்பைத் தானாகவே சேர்த்துவிடும். பழைய மிரருக்கு நாமே 'குரோ' கட்டளையால் சேர்க்கலாம். பிட்மேப் இல்லையென்றால் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும். 4 டிபி டிஸ்க், வினாடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்துக்கொண்டால் 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் மிஞ்சியிருக்கும் ஒரே டிஸ்க் முழுவதுமாகப் படிக்கப்படும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேட்ச்சில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் என்றால் இரண்டுக்கும் வயது ஒன்றுதான். நெடுங்காலம் யாரும் தொடாத செக்டர்களில் ஒளிந்திருக்கும் கோளாறு அப்போதுதான் வெளிப்படும். சேர்ப்பதற்கு முன் பேக்கப் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் அண்ணனைப் பார்த்திருப்பீர்கள். தான் கிளம்பிப் போன அன்று வீடு எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது என்று நினைத்து உத்தரவு போடத் தொடங்கினால் வீடு கலங்கும். இல்லாத காலத்தில் என்னென்ன மாறியது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால் சுலபமாகக் கலந்துவிடுவார். வீட்டிலிருப்பவர்களும் மாறியதைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். சொல்ல ஆளில்லாத வீட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

அவகாசத்தைச் செலவழிக்கும் முறை

டிஸ்க் விழுந்த அன்றே நமக்குத் தெரிந்தால், அவகாசம் முழுதாகக் கையில் இருக்கும். எம்டிஆடமில் மானிட்டர் என்ற பகுதி அதற்காகவே இருக்கிறது. டிஸ்க் விழுந்தாலோ, டீக்ரேடட் ஆகத் தொடங்கினாலோ மெயில் அனுப்பும். பல சர்வர்களில் அந்த மெயில் 'ரூட்' என்ற பயனருக்குப் போகிறது. அந்த அஞ்சல்பெட்டி அதே சர்வருக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர் ஒருவருமில்லை. எம்டிஆடம் கான்ஃப் கோப்பின் மெயில்ஆடர் வரியில் உயிருள்ள ஒரு மனிதரின் முகவரியைப் போடுங்கள். 'டெஸ்ட்' கட்டளை கொடுத்து, மெயில் அவர் கையில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அனுப்பியாயிற்று என்பது வேறு, போய்ச் சேர்ந்தது என்பது வேறு.

மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிடும் 'செக்' வேலையை டெபியன் வழக்கமாக முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் செய்துவிடும். உங்கள் சர்வர் ராத்திரியில் அணைக்கப்படுவதாக இருந்தால் அந்த வேலை நடக்காமலே போயிருக்கலாம். நேரத்தை மாற்றி வையுங்கள். சர்வரை எழுப்பும் கிரப் பூட்லோடர் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அது செத்த அன்று மற்ற டிஸ்க் நலமாக இருந்தும் சர்வர் எழாது. பேக்கப் எடுத்துவிட்டு, வேலை இல்லாத ஒரு நாளில், நாமே ஒரு டிஸ்க்கைக் கழற்றி ரீபூட் செய்து பார்ப்பது நல்ல பழக்கம். தெரிந்து வரவழைத்த சோதனையில் கற்பது, ராத்திரியில் தானாக வரும் சோதனையில் கைகொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மிரர் பேக்கப் ஆகாது. தவறாக ஒரு கோப்பை அழித்தால், அதே கணத்தில் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். ரேன்சம்வேர் புகுந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். டிஸ்க் சாவிலிருந்து மட்டுமே மிரர் காக்கும், அதுவும் கவனிக்கிற ஆள் இருந்தால்.

வாழ்க்கையில் நாம் போட்டு வைத்திருக்கும் இரண்டாவது ஏற்பாடுகள் எத்தனையோ. அவசரத்துக்கென்று ஒதுக்கிய சேமிப்பு, இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் துணை. இவற்றில் ஒன்று எப்போது காலியானது என்று தெரியாமலே, இரண்டும் இருப்பதாக நினைத்துப் பலர் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். இரண்டாவது ஏற்பாடு இருப்பது நல்லதுதான். அது இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறவருக்குத்தான் அது உதவும்.

ஆகவே இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று வேலை முடித்துக் கிளம்பும் முன் உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சர்வரிலும் எம்டிஸ்டாட்டைத் திறந்து பாருங்கள். அடிக்கோடு தெரிந்தால் எப்போது போனது, யார் புதியவர், ஏன் போனது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். பேக்கப் எடுங்கள். அதன் பிறகு ஆட் போடுங்கள்.